வாகனச் சாவியும் ஓர் அமானிதமே



சாலை விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் ஜனாஸா நம் மகல்லாவிற்கு வந்து சேரும் நாளில், பள்ளிவாசல் முற்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சொல் ஒன்றுண்டு: “அவருக்கு எழுதப்பட்ட ஆயுள் அவ்வளவுதான்.” பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. ஆயுளின் அளவை அல்லாஹ்வே நிர்ணயிக்கிறான் என்பது நம் ஈமானின் ஒரு பகுதி. இதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆயினும் கபரில் மண்ணிட்டுத் திரும்பும் வழியிலேயே, தலைக்கவசம் அணியாத மூவர் ஒரே இருசக்கர வாகனத்தில் ஏறி நம்மைக் கடந்து விரைகின்றனர். இறந்தவரின் வீட்டாருக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட சொல், உயிரோடிருப்பவர்களின் அலட்சியத்திற்குச் சாக்காக மாறிவிடுகிறது. விதியை நம்புவது வேறு. விதியின் பெயரால் கடமையைக் கைவிடுவது வேறு. இவ்வேறுபாட்டை நம் வீடுகளில் பேச வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நம் மாவட்டத்தின் சாலைகள்

நாஞ்சில் நாட்டில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெற்றிடம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் சாலையில் வீடு, கடை, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று இருபுறமும் தொடர்ந்து வருகின்றன. பலருடைய வீட்டு வாசற்படி சாலையின் விளிம்பிலேயே முடிகிறது. கிளைச்சாலைகளோ குளத்தங்கரைகளை ஒட்டியும் கால்வாய்க் கரைகளின் மேலும் வளைந்து செல்கின்றன. எதிரே வருவது ஆடா, ஆளா, பேருந்தா என்பது வளைவில் திரும்பும் வரை தெரிவதில்லை.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நமக்குக் கிடைக்கின்றன. இது அல்லாஹ்வின் அருள். ஆனால் அதன் காரணமாக ஆண்டின் பல மாதங்கள் தார்ச்சாலை ஈரமாகவே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று இருசக்கர வாகனத்தையும் ஓரத்திற்குத் தள்ளுகிறது. பாறையும் மணலும் ஏற்றிக் கேரளத்தை நோக்கிச் செல்லும் டாரஸ் லாரிகளோடு நம் பிள்ளைகளின் ஸ்கூட்டர்களும் அதே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

விடியுமுன்னே இச்சாலைகள் விழித்துவிடுகின்றன. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டச் செல்வோர், குளச்சல் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருவோர், பஜ்ருத் தொழுகைக்கு நடந்து செல்லும் முதியோர், மதரஸாவிற்குக் குர்ஆனை நெஞ்சோடணைத்துச் செல்லும் சிறார் என எல்லோரும் அரையிருளில் சாலையோரத்தில்தான் நடக்கின்றனர். வாகனம் ஓட்டுபவர் இவர்கள் அனைவரின் உயிருக்கும் பொறுப்பாளர்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மாநிலங்களிலேயே மிக அதிகமான விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 வீடுகளில் ஒப்பாரி. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். உயிரிழப்புகளில் நூற்றுக்கு 71க்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

தவறுதலாக நேர்ந்ததற்கும் கணக்கு உண்டு

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. இதை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அதைவிட அழுத்தமான ஒரு சட்டம் குர்ஆனில் இருப்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சூரத்துன் னிஸாவின் 92ஆம் வசனம், வேண்டுமென்றே அல்லாமல் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறுகிறது. இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை அளிக்க வேண்டும். அடிமை ஒருவரை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும். உடன்படிக்கையுடன் வாழும் பிற சமூகத்தவர் இறந்தாலும் இச்சட்டம் பொருந்தும் என்பதை அதே வசனம் தெளிவுபடுத்துகிறது. எழுதப்பட்ட விதி என்பதோடு காரியம் முடிந்துவிடுமானால், இந்தப் பரிகாரம் எதற்கு? ஓட்டியவரின் கவனக்குறைவு விபத்திற்குக் காரணமாக இருந்தால், சாலை விபத்து மரணத்திற்கும் இச்சட்டம் பொருந்தும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகின்றனர்.

எங்கள் உறவினர் வீட்டில் இது கண்முன் நடந்தது. ஒரு மாலைப்பொழுதில், முன்சென்ற பேருந்தை வேகமாக முந்த முயன்ற இளைஞர், வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் மீது பைக்கை மோதிவிட்டார். மூன்றாம் நாள் அப்பெண்மணி மருத்துவமனையில் இறந்தார். பிற சமயத்தைச் சேர்ந்தவர், பக்கத்து ஊர்க்காரர். வழக்கு நடந்தது, காப்பீட்டின் வழியே இழப்பீடும் வழங்கப்பட்டது. குடும்பத்துப் பெரியவர்கள், “எல்லாம் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்” என்றனர். பள்ளிவாசல் உஸ்தாத் மட்டும், “கோர்ட்டுக் கணக்குத்தான் முடிந்திருக்கிறது. பிள்ளை மீது இரண்டு மாத நோன்பு நிற்கிறது” என்றார்.

அவர் நோற்றார். ரமலான் நோன்பைப் போலத் தெருவே சேர்ந்து நோற்கும் நோன்பன்று அது. தனியாக எழுந்து ஸஹர் செய்து, தனியாக நோன்பு திறக்கும் நோன்பு. ஒரு நாள் காரணமின்றி விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்நாள்களில் ஒருநாள், அவருடைய வாப்பா அவரை அப்பெண்மணியின் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அவ்வீட்டார் திண்ணையில் அமரவைத்துத் தேநீர் கொடுத்தனர். நோன்பென்று சொல்ல வேண்டியதாயிற்று. “இப்போது நோன்பு மாதம் இல்லையே, எதற்கான நோன்பு?” என்று இறந்தவரின் மகன் கேட்டார். வாப்பாதான் பதில் சொன்னார். அதன்பின் இரு தரப்பாரும் நெடுநேரம் பேசவில்லை என்று அவர் எங்களிடம் கூறினார்.

இந்நிகழ்ச்சியை நாங்கள் எங்கள் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வதுண்டு. அபராதத் தொகையைக் கூறி அச்சுறுத்துவதைவிட, அந்தத் தேநீர்க் கோப்பை அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிகிறது.

வேகத்தின் கணக்கு

நாற்பது கிலோமீட்டர் வேகத்திற்கும் அறுபது கிலோமீட்டர் வேகத்திற்கும் பெரிய வேறுபாடில்லை என்று தோன்றும். எளிய கணக்கொன்றைப் பார்ப்போம்.

தெருவிலிருந்து ஒரு குழந்தை சாலைக்கு ஓடிவருகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி சுமார் 17 மீட்டர் கடந்திருக்கும். உலர்ந்த சாலையில் மேலும் 9 மீட்டர் அளவில் நின்றுவிடும். ஆக மொத்தம் ஏறத்தாழ 26 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்திலோ அந்த ஒன்றரை வினாடியிலேயே வண்டி 25 மீட்டர் சென்றுவிடும்; அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். அதாவது, முதல் வண்டி ஏறக்குறைய நின்றுவிடும் இடத்தில், இரண்டாம் வண்டி வேகம் சிறிதும் குறையாமல் குழந்தையை மோதும். சாலை ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இவ்வேகத்தால் நாம் பெறுவது என்ன? நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் இடையே ஏறத்தாழ 16 கிலோமீட்டர். தடையே இல்லாத சாலையில்கூட, நாற்பதுக்குப் பதில் அறுபதில் சென்றால் மிஞ்சுவது எட்டு நிமிடம்.

நிதானம் அல்லாஹ்விடமிருந்தும் அவசரம் ஷைத்தானிடமிருந்தும் வருவதாக நபிமொழி உண்டு. பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களைப் பாடி விரைவுபடுத்திய அன்ஜஷா (ரலி) அவர்களை, நபி (ஸல்) அவர்கள் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். பயணம் செய்த பெண்களைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை, மனைவியையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றும்போதெல்லாம் நினைவுகூர்வது நல்லது.

இகாமத் சொல்லப்பட்ட பின்னரும் தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாக நடந்து வரவேண்டும் என்பதும் நபிகளாரின் கட்டளையே. காலால் ஓடுவதே கூடாதென்றால், ஜும்ஆவிற்குத் தாமதமாகிவிட்டதென்று சந்தைச் சாலையில் வண்டியை விரட்டிச் செல்வதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

ரமலானில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மஃரிபுக்கு முந்தைய அரைமணி நேரத்தில், பசியும் களைப்பும் வீடு சேரும் ஆவலும் ஒன்றுசேர்கின்றன. நான்கு பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். பாங்கு ஒலித்தால் ஓரமாக நிறுத்தி நோன்பு திறந்துவிட்டுப் போகலாம். வீட்டுக் கஞ்சி ஆறினாலும் மீண்டும் சூடாக்கிக் கொள்ளலாம்.

ஒரே கவனம்

நம் மண்ணின் பெருமைகளுள் ஒருவர் இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில், பலரும் தொடுத்த நூறு வினைகளையும் வினாக்களையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி விடையளித்துச் சதாவதானி என்ற பட்டம் பெற்றவர். ஒரு நூற்றாண்டு கடந்தும் நாம் அதை வியந்து பேசுகிறோம் என்றால், அது எவ்வளவு அரிய ஆற்றல் என்பது விளங்கும்.

நம் பிள்ளைகளோ ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு, தலைக்கும் தோளுக்கும் இடையே பேச்சையும் நடத்துகின்றனர். வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காதில் கருவி பொருத்திப் பேசினாலும் மனம் பேச்சில்தான் இருக்கும். ஓட்டுபவருக்கு ஓர் அவதானமே போதும். அது சாலையின் மீது இருக்க வேண்டும்.

இதில் வீட்டிலிருப்போருக்கும் பங்குண்டு. புறப்பட்ட பத்தாம் நிமிடத்தில் “எங்கே வந்திருக்கிறாய்?” என்று அழைப்பதை உம்மாமார்களும் மனைவியரும் தவிர்க்கலாம். எங்கள் வீட்டில் புறப்படும்போது ஒருமுறை, சென்று சேர்ந்தபின் ஒருமுறை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொப்பியும் தலைக்கவசமும்

ஜும்ஆ நாளில் தொப்பி அணிந்துவிட்டோம் என்பதற்காகத் தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வோர் நம்மிடையே பலர். பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில்தானே என்பர். ஆனால் விபத்து தொலைவைப் பார்த்து வருவதில்லை. 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். இருசக்கர வாகன விபத்தில் தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசல் வாசலில் மாற்றிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது.

பெண்களுக்கும் இதுவே. ஹிஜாபின் மீது தலைக்கவசம் அணிவது கடினமன்று. உள்ளே முடிச்சும் ஊசியும் தடிப்பாக இல்லாதவாறு மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு, தாடைப்பட்டையைப் பூட்டினால் போதும். பின்னிருக்கையில் அமரும்போது புர்காவின் கீழ்ப்பகுதியும் துப்பட்டாவின் நுனியும் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதவாறு ஒதுக்கிப் பிடித்திருக்கிறோமா என்பதை, வண்டி நகருமுன் ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பெட்ரோல் டாங்கின் மீது குழந்தையை உட்காரவைத்துச் செல்வது பாசமாகத் தோன்றலாம். திடீரென நிறுத்த நேர்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அக்குழந்தையே.

பதினெட்டு வயதும் பெருநாள் சாவியும்

பெருநாள் காலையில் புத்தாடையோடு பைக் சாவியும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிறது. “ஒரு நாள்தானே, தெருவுக்குள்தானே” என்ற இரக்கம் பெற்றோரை வென்றுவிடுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் இதில் கடுமையானது. வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வாகனத்தின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும்; பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

சட்டத்திற்கு முன்பே மார்க்கம் இதைச் சொல்லிவிட்டது. நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பர். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம். பிள்ளை கேட்டது கிடைக்காமல் ஒரு பெருநாள் முழுதும் முகம் சுளித்திருந்தால், அதைப் பொறுத்துக்கொள்வதும் தகப்பனின் கடமைதான்.

விமான நிலையப் பயணங்கள்

நம் மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்களில் வளைகுடா நாட்டுத் தொடர்பில்லாத வீடு குறைவு. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வந்திறங்கும் விமானங்களுக்காகத் திருவனந்தபுரம் சென்று திரும்புவது நமக்கு வாடிக்கை. பகலெல்லாம் வேலை பார்த்தவர், உறங்காமல், இரவு இரண்டு மணிக்கு வண்டியை எடுக்கிறார். மனித உடல் உறக்கத்தை மிக வலுவாகக் கேட்கும் நேரம் அதுவே. கண்ணாடியை இறக்குவதும் பாட்டை உரக்க வைப்பதும் தூக்கத்தை விரட்டா. கண் சொருகினால் வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தி, இருபது நிமிடம் உறங்கிவிட்டுப் புறப்பட வேண்டும். முடிந்தால் இரண்டு ஓட்டுநர்கள் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளைகுடா நாடுகளில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. நம் நாட்டில் இடப்புறம். பல ஆண்டுகள் அங்கே ஓட்டிப் பழகியவரின் கை, வெற்றுச் சாலையில் திரும்பும்போது தன்னையறியாமல் வலப்புறமே செல்லும். விடுமுறையில் வந்தவர் முதல் சில நாள்களேனும் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, பகலில் மட்டும், அருகிலுள்ள இடங்களுக்கு ஓட்டிப் பழகுவது நல்லது. பயணப்பெட்டியை இறக்கிய கையோடு சாவியை நீட்ட வேண்டாம்.

சாலையின் உரிமை

பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். முள்ளை அகற்றுவது நன்மையென்றால், ஜும்ஆ நேரத்தில் சாலையின் பாதியை அடைத்து வண்டியை நிறுத்துவது எதில் சேரும்? அவ்வழியே ஆம்புலன்ஸ் வரக்கூடும்; பிற சமயத்துச் சகோதரர் ஒருவர் அவசரமாகச் செல்லக்கூடும். ஒவ்வொரு ஜமாஅத்தும் வெள்ளிக்கிழமைகளில் நான்கு இளைஞர்களை நிறுத்தி, வண்டிகளை ஒழுங்குபடுத்தலாம். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் முகப்பு விளக்கைத் தாழ்த்துவதும் தொல்லையை அகற்றுவதே.

விபத்தைக் காண நேர்ந்தால் படம் எடுக்காமல் உடனே 108ஐ அழைப்போம். உதவி செய்பவரைச் சட்டம் பாதுகாக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு நிகர் என்று கற்ற சமூகம், போலீஸ் வரும் என்று அஞ்சி விலகிச் செல்லலாகாது.

பயண துஆவை வாகனக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறோம். இவ்வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ், நம் ஆற்றலால் அது வசப்படவில்லை, அவனிடமே நாம் திரும்பிச் செல்வோம் என்பது அதன் கருத்து. சாவியைத் திருப்புமுன் பொருளுணர்ந்து அதை ஓதினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்: கவசம் அணிவோம், கைப்பேசியைப் பைக்குள் வைப்போம், நிதானமாகப் புறப்படுவோம்.

யா அல்லாஹ், எங்கள் பயணங்களை ஸலாமத்தாக்கி வைப்பாயாக. எங்களால் பிறர் வீட்டில் ஒரு கண்ணீரும் சிந்தாதவாறு எங்களைக் காப்பாயாக. சாலைகளில் உயிரிழந்த எங்கள் பிள்ளைகளின் பிழைகளை மன்னித்து, அவர்களுடைய பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக. ஆமீன்.